முடக்குவாத ஆட்டத்தில் ஆற்றல் பட்டையை மாற்றிய விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்கும் என் அக்காவுக்கு, மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் உண்டு. அவருடைய அன்றாடத்தைக் காட்டும் வீடியோ கேம் ஒன்றைக் கோடோ என்னும் கட்டற்ற மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். முதல் வடிவத்தை ஆடிய தோட்டத்துப் பிள்ளைகள், தூங்கினால், உடலில் மீதமுள்ள தெம்பைத் திரையில் காட்டும் ஆற்றல் பட்டை முழுவதும் நிரம்பிவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டு நோயை எளிதில் வென்றுவிட்டார்கள். அக்காவோ, "ராத்திரி முழுக்கப் படுத்தாலும் காலையில விரல் மடங்காதுடா" என்றார்.

இந்நோயில் கைவிரல்களின் சிறு மூட்டுகள் காலையில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக இறுகியிருக்கக்கூடும் என்பதால், உறங்கியதும் பட்டை நிரம்புவதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு காலையின் இறுக்கத்தையும் முந்தைய நாளின் உழைப்பும் ஓரளவு தற்செயலும் சேர்ந்து தீர்மானிக்குமாறு அமைத்தேன். தற்செயலை மட்டும் நம்பினால் அது சூதாட்டமாகிவிடும். உழைப்பை மட்டும் கணக்கிட்டால், வலி கூடுவது நோயாளியின் குற்றமே என்றாகிவிடும். பட்டையையும் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். வாழையிலைப் பொட்டலத்தை மடிக்கும் பொத்தான் எவ்வளவு தாமதமாக வேலை செய்கிறது என்பதைக் கொண்டே ஆடுபவர் உடல்நிலையை ஊகிக்க வேண்டும்.

இந்நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்திற்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ளப்படுவது. பலன் தெரிய வாரக்கணக்காகும். ஆகவே அதை உடனே ஆற்றல் தரும் பொருளாக வைக்காமல், இறுக்கத்தின் சராசரியை மெல்லக் குறைப்பதாக எழுதி, சில வேளைகளில் குமட்டலும் வருமாறு சேர்த்தேன். (பிள்ளைகள் இதைத்தான் அதிகம் வெறுத்தார்கள்.) வாடிக்கையாளர் ஒருவர் "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லும் வரியை அக்காவே எழுதித் தந்தார், அதற்கான பதில்களை அவர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.