அடுக்குமாடிப் பராமரிப்புக் கணக்கைக் கூகுள் ஷீட்ஸில் எழுதுவது எப்படி? புதிய பொருளாளருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சென்னையில் 24 வீடுகள் கொண்ட ஒரு சிறிய அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் 3 ஆண்டுகள் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். இந்தப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பொதுக்குழுவில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எவர் தவறிப்போய்த் தலைநிமிர்கிறாரோ அவர் தலையில் அது கட்டப்படுகிறது. எனக்குக் கிடைத்தது ஒரு ரசீதுப் புத்தகமும், வீடுகள் கீழ்நோக்கியும் மாதங்கள் குறுக்காகவும் எழுதப்பட்ட ஒரு ஷீட்டும். அதில் மஞ்சள் கட்டம் பாதி கட்டியவரையும், ஆரஞ்சுக் கட்டம் அடுத்த மாதம் தருவதாகச் சொன்னவரையும் குறித்தன. இளநீலம் எதைக் குறித்தது என்பது முந்தைய பொருளாளருக்கே மறந்துவிட்டது.

கட்டம் போட்ட அந்த அமைப்பு பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஒருவர் இரண்டு மாதத் தொகையைச் சேர்த்து அனுப்பினாலோ, தண்ணீர் லாரிக்குத் தனி வசூல் வந்தாலோ, பழைய பாக்கியில் ஆயிரம் ரூபாய் மட்டும் கட்டினாலோ அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற கேள்வி எழும். ஆகவே அதை விட்டுவிட்டு, ஒரே நீளமான பட்டியலாகக் கணக்கு எழுதும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இதில் ஒரு சூத்திரம்கூட எழுத வேண்டியதில்லை. கணினியில் செய்யுங்கள், கைபேசித் திரையில் செய்யப் புகுந்தால் படாத பாடு படுவீர்கள்.

படி 1: எதையும் எழுதும் முன் நாட்டை மாற்றுங்கள்

புதிய ஷீட்டைத் திறந்தவுடன் ‘ஃபைல்’ பட்டியலில் ‘செட்டிங்ஸ்’ என்பதற்குச் சென்று, ‘லொகேல்’ என்ற இடத்தில் ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பலருடைய கணக்கில் அது அமெரிக்கா என்றே இருக்கும். இதைச் செய்யாததால் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் இதன் அவசியம் விளங்கும்.

வங்கி அறிக்கையில் ஒரு வரவின் தேதி 05/04/2025 என்று இருந்தது. நமக்கு அது ஏப்ரல் 5. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும் ஷீட்டுக்கோ அது மே 4. அதற்கடுத்த வரியில் 13/04/2025 இருந்தது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், ஷீட் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மாதத்தின் முதல் 12 நாள்களில் வந்த பணம் எல்லாம் வேறு வேறு மாதங்களுக்குச் சிதறியது. அதற்குப் பிந்தையது எந்த மாதத்திலும் சேராமல் நின்றது. தாமதக் கட்டணப் பட்டியலை நான் ஒட்டிய அன்று மாலையே நான்காம் மாடி அம்மா கைபேசியை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். “ஏப்ரல் அஞ்சாம் தேதியே போட்டுட்டேனே சார், பாருங்க” என்றார். அவர் சொன்னது சரி; தவறு என்னுடையது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஷீட் ஒன்றைத் தேதியாகவோ எண்ணாகவோ புரிந்துகொண்டால் அதைக் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டிவைக்கும். எழுத்தாகக் கொண்டால் இடப்பக்கம் ஒட்டிவைக்கும். தேதிப் பத்தியில் சில வலமாகவும் சில இடமாகவும் நின்றால் அங்கே ஏதோ கோளாறு என்று பொருள். நீங்களாக நடுவில் நிறுத்தி அழகுபடுத்திவிட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும் என்பதால், அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: வீட்டு எண்ணைத் தேதியாக மாற விடாதீர்கள்

எங்கள் வீடுகளுக்கு மாடி எண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்த பெயர்: 1-1 தொடங்கி 4-6 வரை. 4-6 என்று எழுதினால் ஷீட் அதை ஜூன் 4 என்று எடுத்துக்கொள்ளும். வீட்டு எண்ணின் நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்து வரும் கட்டடங்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. 2ஈ3 என்பதை அது 2-க்குப் பின் மூன்று பூச்சியம் என்று படித்து 2000 ஆக்கிவிடும். இதில் நாம் மட்டும் அவதிப்படவில்லை. மார்ச், செப்டம்பர் ஆகிய மாதங்களைப் போல் ஒலித்த சில மனித மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் மென்பொருள் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் அறிவியல் குழுவே 2020இல் அவற்றின் பெயர்களை மாற்றியது.

செய்ய வேண்டியது இதுதான்: முதல் வரிசையில் தேதி, வீடு, வகை, தொகை, விவரம் என்று ஐந்து தலைப்புகளை எழுதுங்கள். ‘வீடு’ பத்தியின் தலையைச் சொடுக்கி முழுப் பத்தியையும் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மட்’, ‘நம்பர்’, ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்று செல்லுங்கள். எண்களை எழுதும் முன்பே இதைச் செய்ய வேண்டும். எழுதிய பிறகு மாற்றினால் தேதியாகிப்போனது வீட்டு எண்ணாகத் திரும்பாது. ‘விவரம்’ பத்திக்கும் இதையே செய்யுங்கள், ஏனெனில் யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பெண் அங்கேதான் வரப்போகிறது. தேதிப் பத்தியை ‘டேட்’ என்றும் தொகைப் பத்தியை ‘நம்பர்’ என்றும் அமைத்துவிடுங்கள்.

படி 3: வீட்டு எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள், தேர்ந்தெடுங்கள்

‘2-3’ என்பதும், பின்னால் ஓர் இடைவெளியோடு எழுதிய ‘2-3’ என்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். ஷீட்டுக்கு அவை இரண்டு வீடுகள். ‘டேட்டா’ பட்டியலில் உள்ள ‘டேட்டா வேலிடேஷன்’ மூலம் அந்தப் பத்திக்கு 24 வீடுகளின் பெயர்களையும் கீழிறங்கு பட்டியலாகக் கொடுத்து, அதில் இல்லாததை மறுக்கும்படி அமையுங்கள். இருபத்தைந்தாவதாக ‘தெரியாதது’ என்ற பெயரையும் சேருங்கள்; அது எதற்கு என்பது ஐந்தாம் படியில் வரும். ‘வகை’ பத்திக்கும் முன்பாக்கி, பராமரிப்பு, தண்ணீர், வரவு என்ற நான்கு பெயர்கள் போதும்.

படி 4: கட்ட வேண்டியதையும் பட்டியலில் எழுதுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். பெரும்பாலோர் வந்த பணத்தை மட்டும் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், பணமே கட்டாதவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். யார் இல்லை என்பதை நீங்கள்தான் விரல்விட்டு எண்ண வேண்டும். மாறாக, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியிட்டு 24 வரிசைகளை எழுதுங்கள்: வீடு ஒவ்வொன்றுக்கும் வகை ‘பராமரிப்பு’, தொகை கழித்தல் குறியோடு 3,500. பணம் வரும்போது அதே பட்டியலின் கீழே ‘வரவு’ என்று கழித்தல் குறி இல்லாமல் எழுதுங்கள். ஒரு வீட்டின் எல்லா வரிசைகளையும் கூட்டினால் பூச்சியம் வந்தால் கணக்கு நேர். கழித்தலில் நின்றால் பாக்கி. மீதி நின்றால் முன்பணம். பாதி கட்டியவருக்கு மஞ்சள் வண்ணம் பூச வேண்டிய தேவையே இராது. முதல் மாதம் மட்டும் பழைய பாக்கியை ‘முன்பாக்கி’ என்ற வகையில் ஒரு முறை எழுதிவிடுங்கள்.

தண்ணீர் லாரிக் கணக்கும் இதே வழிதான், ஆனால் சண்டை அதிகம் வருவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். கோடையில் ஒரு மாதம் 12,000 லிட்டர் லாரி 20 நடை வந்தது, நடைக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000; வீட்டுக்கு 1,500. ஒரு வீடு பூட்டியிருக்கிறது, உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், அவருக்கு வேண்டாம் என்று குழு முடிவெடுத்தால் 23ஆல் வகுக்க வேண்டும். விடை 1,565.217 என்று நீளும். தசமத்தைக் காட்டாதபடி கட்டத்தை அமைத்திருந்தால் திரையில் 1,565 என்றே தெரியும். உள்ளே முழு எண்ணும் இருக்கும். எல்லோரும் 1,565 கட்டிய பிறகும் 23 வீடுகளிலும் சில்லறைப் பாக்கி நிற்கும். எனவே வகுத்த விடையை அப்படியே ஒட்டாமல், நீங்களே 1,566 என்று முழுமையாக்கி எழுதுங்கள். 18 ரூபாய் சங்கத்துக்கு மிஞ்சும், அவ்வளவுதான். பூட்டிய வீட்டுக்குத் தண்ணீர்ப் பங்கு உண்டா, பராமரிப்பைச் சம பங்காக வாங்குவதா சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குவதா என்பனவற்றை எந்த மென்பொருளும் தீர்க்காது. அவற்றைப் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே ஷீட்டில் ஏற்றுங்கள்.

படி 5: வங்கி அறிக்கையைக் கொண்டுவருதல்

வங்கியின் இணையதளத்திலிருந்து அறிக்கையைச் ‘சிஎஸ்வி’ கோப்பாக (காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு) இறக்குங்கள். அதை இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறந்து சேமித்துவிடாதீர்கள். அங்கே 12 இலக்கக் குறிப்பெண் தனிக் கட்டத்தில் இருந்தால் 4.12ஈ+11 என்பது போலச் சுருங்கித் தெரியும். அப்படியே மீண்டும் சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த அந்தச் சுருக்கம்தான் கோப்பில் எஞ்சும், மற்ற இலக்கங்கள் போய்விடும். நேராகக் கூகுள் ஷீட்ஸின் ‘ஃபைல்’, ‘இம்போர்ட்’ வழியாக ஒரு தனித் தாளில் ஏற்றி, அதற்கு ‘வங்கி’ என்று பெயரிடுங்கள். வரவுள்ள வரிசைகளின் தேதி, தொகை, விவரம் ஆகியவற்றை மட்டும் நகலெடுத்து, பட்டியலின் அடியில் அதனதன் பத்தியில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ சென்று ‘வேல்யூஸ் ஒன்லி’ என ஒட்டுங்கள். தேதிக்குப் பதில் 45748 போன்ற ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஷீட் தேதிகளை உள்ளே நாள்களின் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது, 45748 என்பது 2025 ஏப்ரல் 1. கட்டத்தை ‘டேட்’ ஆக்கினால் சரியாகிவிடும்.

அடுத்த தலைவலி, வந்த பணம் யாருடையது என்பது. வாடகைக்கு இருப்பவர், வெளிநாட்டிலுள்ள மகன், மைத்துனர் என்று யார் யார் பெயரிலோ பணம் வரும். குறிப்பில் வீட்டு எண்ணை எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் பாதிப் பேர் எழுதுவதில்லை. நான் கண்ட தீர்வு காசில் இருக்கிறது. 4-6 வீட்டுக்காரருக்கு 3,500 ரூபாய் 46 காசு, 2-1 வீட்டுக்காரருக்கு 3,500 ரூபாய் 21 காசு என்று கேட்டேன். நான்காம் படியில் எழுதும் கழித்தல் தொகையையும் அதே காசோடு எழுதினேன். யுபிஐயில் காசு வரை அனுப்ப முடியும் என்பதால் தொகையே வீட்டின் பெயரைச் சொல்லிவிடும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 4-6 வீட்டாருக்கு ஆகும் கூடுதல் செலவு 5 ரூபாய் 52 காசு. முதல் மாதம் சிரித்தார்கள், இரண்டாம் மாதம் பழகிவிட்டார்கள். அப்படியும் ஆள் பிடிபடாத வரவை ‘தெரியாதது’ என்ற பெயரில் எழுதி வையுங்கள். ஊகித்து யார் தலையிலாவது ஏற்றாதீர்கள்.

படி 6: பாக்கிப் பட்டியல்

பட்டியலில் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்று ‘இன்செர்ட்’, ‘பிவட் டேபிள்’ (வரிசைகளைத் தானே தொகுத்துக் கூட்டித் தரும் அட்டவணை) என்று சென்று, புதிய தாளில் உருவாக்குங்கள். வலப்பக்கத்தில் திறக்கும் பகுதியில் ‘ரோஸ்’ என்பதில் வீடு, ‘காலம்ஸ்’ என்பதில் வகை, ‘வேல்யூஸ்’ என்பதில் தொகை ஆகியவற்றைச் சேருங்கள். கடைசிப் பத்தியில் ‘கிராண்ட் டோட்டல்’ என்று வருவதே ஒவ்வொரு வீட்டின் இன்றைய நிலுவை. தொகைகளுக்குப் பதில் 12, 11, 13 என்று சிறிய எண்கள் தெரிந்தால், ஷீட் கூட்டாமல் வரிசைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. தொகைப் பத்தியில் எங்கோ எழுத்து கலந்திருக்கிறது. இடப்பக்கம் ஒட்டிய கட்டத்தைத் தேடிச் சரிசெய்து, ‘சம்மரைஸ் பை’ என்பதைச் ‘சம்’ ஆக்குங்கள். பிவட் அட்டவணை எடுத்துக்கொள்ளும் பரப்பை 1000ஆவது வரிசை வரை நீட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் நீங்கள் எழுதுவது அதில் சேராது. 24 வீட்டுக்கு ஓராண்டில் ஏறக்குறைய 600 வரிசைகளே வரும்.

வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட் ரேஞ்ச்’ கொடுத்தால், அந்தப் பத்தி மட்டும் இடம் மாறி, ஒருவர் பணம் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். தலைப்புகள் உள்ள முதல் வரிசையை இடம் மாறாதபடி ‘ஃப்ரீஸ்’ செய்துகொண்டு, எப்போதும் ‘சார்ட் ஷீட்’ என்பதையே பயன்படுத்துங்கள். தவறிப்போனால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

செலவுகளுக்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்: காவலாளி சம்பளம், இரு மாதத்துக்கு ஒரு முறை வரும் பொது மின்கட்டணம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், சம்ப் சுத்தம். மாதக் கடைசியில் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வருவது, வங்கி காட்டும் இருப்போடு காசு வரை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அன்றே தேடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

படி 7: யாருக்கு எதைக் காட்டுவது

பட்டியலைத் திருத்தும் உரிமை பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் இருக்கட்டும்; மற்றக் குழு உறுப்பினர்களை ‘வியூவர்’ ஆகச் சேருங்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். பாக்கிப் பட்டியலைக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவரவர் நிலுவையை அவரவருக்கு அனுப்பினாலே பெரும்பாலோர் கட்டிவிடுகிறார்கள், மாடிப்படியில் முகம் திருப்பிக்கொள்ளும் நிலையும் வராது.

கோப்பை உங்கள் சொந்த மின்னஞ்சலிலோ அலுவலக மின்னஞ்சலிலோ தொடங்க வேண்டாம். எனக்கு முந்தையவர்களில் ஒருவர் அலுவலகக் கணக்கில் வைத்திருந்தார். வேலை மாறி அவர் பெங்களூர் போனபோது அந்தக் கணக்கு மூடப்பட்டு, நான்கு ஆண்டு வரவுசெலவும் அதோடு போயிற்று. சங்கத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் முகவரி உருவாக்கி, கோப்பை அதில் தொடங்கி, கடவுச்சொல்லை ஓர் உறையில் எழுதி ரசீதுப் புத்தகத்தோடு செயலாளரின் அலமாரியில் வையுங்கள்.