வாங்கிய பைக்கில் கரன்ட் கோளாறு: லோடு கொடுத்து அளந்து பாருங்கள்

கை மாறி வந்த பைக்கில் முதல் வாரத்திலேயே காலையில் செல்ஃப் எடுக்காது, ஹெட்லைட் மங்கும், ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் தடுமாறும். உடனே புது பேட்டரி வாங்கி மாட்டிவிடுகிறோம். கோளாறு வேறிடத்தில் இருந்தால் பத்து நாளில் அதுவும் படுத்துவிடும். அதனால் காசை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள்.

ஷோரூமிலிருந்து வந்த புத்தம்புது வண்டி என்றால் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயரை வெட்டினால் வாரண்டிக்குச் சிக்கல். அளந்த எண்களைக் குறித்துக்கொண்டு போய் சர்வீஸில் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்.எம். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், எமரி பேப்பர், காண்டாக்ட் கிளீனர். கூடவே 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். மீட்டரைச் சாதாரணமாகவே வாங்கினாலும் போதும், இந்த லேம்ப் மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. ஏன் என்பது மூன்றாம் படியில் புரியும்.

படி 1: பேட்டரி

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஓட்டிவந்த உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்த அளவையும் நம்ப முடியாது.

ஏற்றிய பிறகு செல்ஃபை அழுத்திக்கொண்டே பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். சும்மா நிற்கும்போது 12.7 காட்டிவிட்டு, அழுத்தியதும் 7-க்கு விழும் பேட்டரிகள் உண்டு.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால், பாசிட்டிவை முடுக்கும் ஸ்பானர் சேஸிஸில் பட்டதும் பொறி பறக்கும்.

படி 2: ஃபியூஸ்

கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விடாதீர்கள். கழற்றி, மீட்டரில் வைத்துப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. பழைய ஓனர் 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 போட்டிருந்தால், அந்தச் சர்க்யூட்டில்தான் ஏதோ உரசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான ஃபியூஸைப் போட்டு, அது எப்போது போகிறது என்று கவனியுங்கள்.

படி 3: எர்த்

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். எர்த் வயர் என்பது பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் சேஸிஸோடும் இணைப்பது. அதன் இரு முனையிலும் மீட்டரை பீப் நிலையில் வைத்தால் பீப் அடிக்கும். வயர் நன்றாக இருக்கிறது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் முப்பது ஓம் எதிர்ப்பு இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடிக்கும். 80 ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கோ 0.05 ஓம் இருந்தாலே 4 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

ஆகவே லோடு ஓடும்போது, அதாவது மோட்டாரோ பல்போ கரன்ட் இழுக்கும்போது, அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள், அதில் மாட்டியிருக்கும் வயர் லக்கில் (வயர் நுனியிலுள்ள உலோக வளையத்தில்) வேண்டாம். சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். இப்போது செல்ஃபை மூன்று நொடி அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. போல்ட்டைக் கழற்றினால் லக்கின் அடியில் பெயின்டோ துருவோ பச்சைக் களிம்போ தெரியும். எமரியால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: சிவப்பு பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு செல்ஃப் மோட்டார் முனையில். அழுத்துவதற்கு முன் 12 காட்டும், பயப்பட வேண்டாம், செல்ஃபுக்குக் கரன்ட் விடும் ரிலே இன்னும் சேரவில்லை. அழுத்தியதும் 0.5-க்குள் இறங்க வேண்டும்.

மங்கலான ஹெட்லைட்டுக்கு டெஸ்ட் லேம்ப். ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றி, ஹோல்டரின் லைவ் முனைக்கும் (கரன்ட் வரும் முனை) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே லேம்ப்பைக் கொடுங்கள். பிரகாசமாக எரிந்தால் சப்ளை சரி. அடுத்து லைவுக்கும் ஹோல்டரின் எர்த்துக்கும் இடையே கொடுங்கள். இங்கே மங்கினால் எர்த்தில் கோளாறு. மீட்டர் இரண்டு இடத்திலும் 12 என்றே காட்டக்கூடும், ஏனென்றால் அது கரன்ட்டே இழுப்பதில்லை.

படி 4: சார்ஜிங்

எஞ்சினை ஓடவிட்டு 4000 ஆர்.பி.எம். வரை ஏற்றி பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரி வெந்துவிடும். 12.5-லேயே நின்றால், எஞ்சினுக்குள் கரன்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலின் கப்ளரை (வயர் இணைப்பான்) பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். மூன்று மஞ்சள் வயர் உள்ள வண்டிகளில் கப்ளரைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட்டில் அளந்தால் மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், வோல்டேஜ் எகிறி இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடக்கூடும்.

படி 5: நிறுத்தினாலும் இறங்குகிறதா?

சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் தொடங்கி வையுங்கள். சில மில்லி ஆம்பியர் சகஜம். 50 மில்லி ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 5 ஆம்பியர் மணி பேட்டரி நான்கே நாளில் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவும்போது எதில் எண் இறங்குகிறதோ அந்தச் சர்க்யூட்தான். பழைய ஓனர் மாட்டிய அலாரம், ஜி.பி.எஸ்., யு.எஸ்.பி. சார்ஜர் எல்லாவற்றையும் முதலில் சந்தேகியுங்கள். இந்த நிலையில் சாவி போட்டு செல்ஃபை அழுத்தினால் மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

பின்சேர்க்கை: எல்லா அளவும் சரி, ஆனாலும் செல்ஃப் சத்தமே இல்லை என்றால் கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்ட பிறகு வேகமாக மின்னினால் எல்.இ.டி.க்கான ஃப்ளாஷர் ரிலே மாற்ற வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் லைட் அணைந்தால் ஸ்டீயரிங் கழுத்துப் பக்கம் ஹார்னஸை (வயர் கட்டை) விரலால் வளைத்துப் பாருங்கள். அறுந்த இடம் மற்ற இடத்தைவிடத் தொளதொளவென்று மடங்கும். அங்கே டேப்பைப் பிரித்து, இழையைச் சேர்த்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஹேண்டில் இருபுறமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு வயரில் தளர்ச்சி விட்டுக் கட்டுங்கள்.