தவணைத் தேதியும் தொடர்கதையும்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஆசையாய் வாங்கி வரும் நூல்கள், அடுத்த ஜனவரி வரை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது. சொந்தப் புத்தகத்தை என்றைக்கு வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதாலேயே அது படிக்கப்படுவதில்லை என்பது என் கணிப்பு. ஆகவே கிளை நூலகத்தில் உறுப்பினரானேன். அட்டையின் உட்புறம் ஒட்டிய தாளில் ஊதா மையில் கோணலாக விழும் தவணைத் தேதி, கைப்பேசியில் வைக்கும் எந்த நினைவூட்டலையும்விட என்னை நன்றாக விரட்டியது. தாமதக் கட்டணம் சொற்பம்தான், ஆனாலும் நூலகரின் பார்வைக்கு அஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்து, எதைப் படிப்பது என்பதை மாற்றினேன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் கொண்டது என்றாலும், வாரத் தொடராக எழுதப்பட்டதால் அதன் அத்தியாயங்கள் சிறியவை. பல அத்தியாயங்கள் அடுத்த வாரத்துக்கு வாசகரை இழுக்கும் இடத்தில் நிற்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று மட்டும் என்று தொடங்கினால் பெரும்பாலும் இரண்டில்தான் முடியும். பழக்கம் படியும்வரை இலக்கியத் தரம் பற்றிய விவாதங்களை ஒதுக்கிவைப்பதே நல்லது. அந்த நேரத்தில் கைப்பேசி அடுத்த அறையில் சார்ஜில் இருக்கும்.

பிடிக்காத நூலை ஐம்பது பக்கத்தோடு கூச்சமின்றித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இரவல் நூலென்பதால் காசு வீணாயிற்றே என்ற உறுத்தலும் இல்லை. பேருந்துப் பயணத்துக்கெனப் பையில் ஒரு சிறுகதைத் தொகுப்பு உண்டு. நாவலென்றால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட நேரும்.