ஆணி மின்காந்தம் ஏன் குண்டூசியைத் தூக்குவதில்லை?

இரும்பு ஆணி, செப்புக் கம்பி, ஒரு பேட்டரி. மின்காந்தம் செய்ய இவ்வளவு போதும் என்று பாடநூல் சொல்வது உண்மைதான். ஆனாலும் பல வீடுகளில் அது ஒரு குண்டூசியைக்கூட அசைப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டிய இடம் கம்பியின் முனை. மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் கம்பி பார்வைக்கு வெறும் செம்பாகத் தெரியும். அதன் மேல் மெல்லிய இனாமல் பூச்சு இருக்கிறது. பூச்சோடு பேட்டரியில் வைத்தால் மின்சாரம் பாயாது. இரு முனைகளையும் உப்புத்தாளில் மடித்துப் பிடித்து, சுழற்றிச் சுழற்றி இரண்டு சென்டிமீட்டர் தேயுங்கள். தேன் நிற மினுமினுப்பு போய், வெளிறிய செம்பு எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும்.

அதற்காகப் பூச்சே இல்லாத கம்பியைச் சுற்றிவிடக் கூடாது. சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். 1820-களில் முதல் மின்காந்தத்தைச் செய்த வில்லியம் ஸ்டர்ஜன், இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினார். அதனால் அவரால் அதிகச் சுற்றுகள் போட முடியவில்லை. அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு உறை போட்டு அடுக்கடுக்காகச் சுற்றிய பிறகுதான் மின்காந்தம் பெரும் பாரம் தூக்கும் கருவியாக மாறியது.

இரண்டாம் அடுக்கில் இன்னொரு தவறு நேர்கிறது. ஆணியின் நுனிவரை போன கம்பி தலைப்பக்கம் திரும்பும்போது, சுற்றும் திசையையும் சிலர் மாற்றிவிடுகிறார்கள். அப்போது ஓர் அடுக்கின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுற்றுவது ஒரே திசையில்தான்.

ஆணியிலும் கவனம் தேவை. எவர்சில்வர் ஆணிகள் பல காந்தத்துக்கு மசியாதவை. கான்கிரீட் ஆணி கடினமான எஃகு என்பதால் பேட்டரியைக் கழற்றிய பின்னும் காந்தமாகவே நீடித்து, அடுத்த சோதனையைக் கெடுக்கும். சாதாரண மர ஆணியே நல்லது.

“சுற்று கூடினால் காந்தம் கூடும்” என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதில்தான் எனக்கு வருத்தம். வலிமையை முடிவு செய்வது சுற்றுகளின் எண்ணிக்கையும் மின்னோட்டமும் சேர்ந்த பெருக்கல். 0.45 மில்லிமீட்டர் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.1 ஓம் மின்தடை. ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள ஆணியில் 100 சுற்றுக்கு இரண்டு மீட்டர் கம்பி போகும், அதாவது 0.2 ஓம். 1.5 வோல்ட் பேட்டரியின் உள்தடையையும் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) 0.2 ஓம் என்று கொண்டால் மின்னோட்டம் 3.75 ஆம்பியர், பெருக்கல் 375. இரண்டாம் அடுக்கோடு 200 சுற்றாக்கினால் கம்பியின் தடை ஏறக்குறைய 0.45 ஓம் ஆகும். மின்னோட்டம் 2.3 ஆம்பியருக்கு இறங்கும், பெருக்கல் 460. சுற்று இரட்டிப்பானது, பலனோ கால் பங்குக்கும் குறைவாகத்தான் கூடியது. ஆனால் பேட்டரி மெதுவாகத் தீரும், கம்பியும் குறைவாகச் சூடேறும். அந்த லாபத்துக்காகவே கூடுதல் சுற்று போடலாம்.

இவ்வளவு மின்னோட்டத்தில் கம்பி விரலைச் சுடும். ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இணைக்காதீர்கள். வீட்டு மின் இணைப்பிலோ, பழைய கைபேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியிலோ ஒருபோதும் இணைக்கக் கூடாது. முன்னது உயிரைப் பறிக்கும், பின்னது தீப்பிடிக்கும்.

எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று எண்ணி வலிமையைச் சோதிக்கும்போது, முதலில் பேட்டரியை இணைக்காமல் ஆணியைக் குண்டூசிக் குவியலில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஒட்டினால் ஆணியில் பழைய காந்தம் மிச்சம் இருக்கிறது. வேறு ஆணிக்கு மாறுங்கள். குண்டூசிகளும் மெல்ல மெல்லக் காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் எண்ணினால் பின்னால் செய்த சோதனையில் எண்ணிக்கை தானாக ஏறும். ஒட்டிக்கொள்பவற்றை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேருங்கள். ஒரே ஆழத்துக்கு நுனியை இறக்கி, ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

50 சுற்று, 100 சுற்று, 150 சுற்று என்று வரிசையாகச் சோதித்தால், கடைசிக்கு வரும்போது பேட்டரி சோர்ந்திருக்கும். எல்லாம் முடிந்ததும் 50 சுற்றை மறுபடி சோதியுங்கள். முதலில் வந்த எண் வராவிட்டால், புதிய பேட்டரி போட்டு வரிசையை மாற்றித் திரும்பச் செய்ய வேண்டும்.