தலையெண்ணெயும் போர் தண்ணீரும்: ஃபுளோரின் இல்லாத பனி ஜாக்கெட்டைப் பராமரிப்பது எப்படி?

பனிச்சறுக்குத் துறை கடந்த சில ஆண்டுகளில் செய்த சூழல் மாற்றங்களில், ஓசூரிலோ தருமபுரியிலோ இருப்பவரின் கைக்கு நேராக வந்து சேர்வது ஒன்றுதான். ஜாக்கெட்டின் நீர்விலக்கிப் பூச்சிலிருந்தும், ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகையின் அடியில் பூசும் மெழுகிலிருந்தும் ஃபுளோரின் வெளியேறிக்கொண்டிருக்கிறது. செயற்கைப் பனிக்கு எவ்வளவு தண்ணீர், லிஃப்டுக்கு எந்த மின்சாரம் என்பதெல்லாம் அந்தந்த மலை நிர்வாகத்தின் பாடு. ஜாக்கெட்டும் மெழுகும் நம் வீட்டு அலமாரியில் இருப்பவை.

புதுப் பூச்சில் ஒரு சிக்கல் உண்டு. ஃபுளோரின் பூச்சு தண்ணீரையும் எண்ணெயையும் ஒட்டவிடாது. புதியது தண்ணீரை மட்டும்தான் விலக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அந்த இடத்தில் வேலை செய்யாது. "ஒரே சீசனில் போய்விட்டது" என்று மூலையில் போடப்படும் ஜாக்கெட்டுகளில் நிறைய, உண்மையில் துவைக்காததால் படுத்தவை. சரியாகத் துவைத்து, பூச்சைப் புதுப்பித்தால் அதே ஜாக்கெட் பல ஆண்டு உழைக்கும். நம் மாவட்டங்களில் இதற்கு இரண்டு எதிரிகள்: தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், துவைக்கும் போர் தண்ணீர்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

பிஎஃப்ஏஎஸ் என்பது கார்பனும் ஃபுளோரினும் இறுகப் பிணைந்த செயற்கை வேதிப்பொருள்களின் பெருங்குடும்பம். மேலே சொன்ன ஃபுளோரின் பூச்சு இந்தக் குடும்பம்தான். அந்தப் பிணைப்பு இயற்கையில் சுலபமாக உடையாது. மண்ணிலும் தண்ணீரிலும் அப்படியே தங்கும். அதில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019இல், எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களுக்கான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. கலிபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் சாதாரண உடைகளில் இந்தக் குடும்பத்தையே தடை செய்தது. கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். ஜாக்கெட் துணிக்குள் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வைத் தயாரிக்கும் கோர்டெக்ஸ் நிறுவனமும் 2022இல் ஃபுளோரின் இல்லாத பாலிஎத்திலீன் சவ்வைக் கொண்டுவந்தது.

லேபிளில் "பிஎஃப்ஓஏ ஃப்ரீ" என்றோ "சி6" என்றோ இருந்தால் ஏமாற வேண்டாம். பழைய நீளக் கார்பன் சங்கிலிக்குப் பதில் குட்டைச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபுளோரின் அங்கேயேதான் இருக்கிறது. "பிஎஃப்ஏஎஸ் ஃப்ரீ" என்று தெளிவாக இருக்க வேண்டும். ஸ்ப்ரே வாங்கும்போது இன்னொரு சுலபமான அடையாளம்: தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தால் பெரும்பாலும் ஃபுளோரின்தான்.

ஃபுளோரின் என்றதும் தருமபுரிக்காரர்களுக்குப் பல்லில் விழும் காவிக்கறை ஞாபகம் வரும். அது வேறு. நம் நிலத்தடி நீரில் இருப்பது பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு உப்பு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் தரத் தொடங்கியது. பிஎஃப்ஏஎஸ் பாறையில் விளையாது, தொழிற்சாலையில் மட்டுமே பிறக்கும். ஏற்கெனவே ஒரு ஃபுளோரினோடு மல்லுக்கட்டும் ஊரின் மண்ணில் இன்னொன்றையும் ஏன் இறக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

வீட்டில் பழைய ஃபுளோரின் ஜாக்கெட் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கிழியும் வரை போடுங்கள். பூச்சைப் புதுப்பிக்கும்போது மட்டும் ஃபுளோரின் இல்லாததைப் பயன்படுத்துங்கள். எக்காரணம் கொண்டும் குப்பையோடு கொளுத்தாதீர்கள். திறந்த வெளித் தீயின் சூட்டில் இந்தப் பொருள்கள் முழுதாக அழியாது, நச்சுப்புகையாகத்தான் வரும்.

துவைக்க வேண்டுமா என்று பார்ப்பது

தோள்பட்டை, முழங்கை, தொப்பி விளிம்பு, பை வார் உரசும் இடம் ஆகியவற்றில் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் ஒன்றும் செய்ய வேண்டாம். துணி நிறம் மங்கித் தண்ணீரைக் குடித்தால் துவைக்க வேண்டும். உள்ளே சவ்வு இருப்பதால் தண்ணீர் உடனே உடம்புக்கு வராது. ஆனால் மேல்துணி ஊறிவிட்டால் உள்ளிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. பிளாஸ்டிக் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்த கதையாகிவிடும். உள்சட்டை நனைந்ததும் பலர் "ஜாக்கெட் ஒழுகுகிறது" என்கிறார்கள். ஒழுகுவதில்லை, அது அவர்கள் வியர்வை.

தண்ணீர்தான் பாதி வேலை

போர் தண்ணீரின் சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படியும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த பூச்சு போட்டாலும் பிடிக்காது. சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் இதற்கு ஆகாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் போதும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சிக்கனம் என்று வாளியில் பிடித்துத் துணி துவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இந்தத் துணிக்கு மட்டும் அது வேண்டாம். போர் தண்ணீரைவிட உப்பு அதிகம்.

ஃபிரண்ட் லோடு மெஷின் ஒரு ஓட்டத்துக்கு 50 லிட்டருக்கு மேல் கூடக் குடிக்கும். அவ்வளவு நல்ல தண்ணீர் இல்லையென்றால் டப்பில் கையால் துவைப்பதே மேல். ஒரு நிரப்புக்கு 15 லிட்டர் போதும். டாப் லோடு மெஷினில் போடவே போடாதீர்கள். நீர்புகாத் துணி பலூன் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பின் சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து மெஷினே ஆடிப்போகும்.

துவைக்கும் முறை

முதலில் தொப்பி உள்பக்கம், கழுத்துப் பட்டை, கைநுனி. தேங்காய் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் படிவது இங்கேதான். டெக் வாஷ் எனப்படும் நீர்புகாத் துணிக்கான திரவ சோப்பை நேரடியாக இரண்டு சொட்டு விட்டு, மிருதுவான பழைய டூத்பிரஷால் தேய்த்து 10 நிமிடம் விடுங்கள். சாதாரண சலவைத்தூள் வேண்டாம். கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி அறவே கூடாது. அது துணியைத் தண்ணீர் உறிஞ்ச வைக்கும். டிரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள்.

எல்லா ஜிப்பையும் மூடி, வெல்க்ரோவை ஒட்டி, பைகளைத் துழாவிக் காலி செய்யுங்கள். 30 டிகிரி வெதுவெதுப்பில் 15 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. திரவம், தண்ணீர் கடினமாக இருந்தே தீரும் என்றால் 150. அமுக்கி அமுக்கித் துவைக்க வேண்டும். கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும், தையல் ஓட்டைகளை உள்பக்கம் மூடியிருக்கும் தையல் டேப்பைப் பிய்த்துவிடும். பிறகு நுரை துளியும் இல்லாத வரை அலசுங்கள். மூன்று அலசலுக்குக் குறைந்து முடிவதில்லை. மெஷினில் போடுவதானால் சோப்புத் தட்டைக் கழற்றிக் கழுவிய பிறகே போடவும். அதில் ஒட்டியிருக்கும் பழைய சலவைத்தூள் போதும், வேலையைக் கெடுக்க.

பூச்சைப் புதுப்பிப்பது

துவைத்த ஈரத்தோடு செய்ய வேண்டும், உலர்த்தக் கூடாது. இரண்டு வகை உண்டு. உள்ளே சவ்வு மட்டுமுள்ள மெல்லிய ஷெல் ஜாக்கெட்டுக்குத் தண்ணீரில் கலக்கும் வகை: டப்பில் துணி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், உருப்படிக்கு 100 மி.லி.; இரண்டு நிமிடம் புரட்டி, 10 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி புரட்டி, தண்ணீர் தெளியும் வரை அலசவும். பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட்டுக்கு ஸ்ப்ரே வகை. அதை டப்பில் முக்கினால் உள்ளே வியர்வை உறிஞ்ச வேண்டிய துணியும் நீரை விலக்கத் தொடங்கிவிடும். ஹேங்கரில் மாட்டி, 15 செ.மீ. தள்ளி நின்று சீராக அடித்து, இரண்டு நிமிடம் கழித்து மிச்சத்தை ஈரத்துணியால் துடைக்கவும். துடைக்காவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். நிக்வாக்ஸ் தொடக்கத்திலிருந்தே ஃபுளோரின் சேர்க்காத நிறுவனம், ஆன்லைனில் கிடைக்கிறது. வேறு எது வாங்கினாலும் அந்த பாட்டிலில் போட்டிருக்கும் அளவே இறுதி.

நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலின் புற ஊதாக்கதிர் நைலானை நைந்துபோக வைக்கும். காய்ந்தபின் உடையின் லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம். டிரையர் இல்லையென்றால் மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, ஆவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி. பழைய ஃபுளோரின் பூச்சு இந்தச் சூட்டில்தான் உயிர்பெறும். அதனால் பழைய ஜாக்கெட்டைத் துவைத்ததும் முதலில் சூடு காட்டித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பல சமயம் புதுப்பூச்சே தேவைப்படாது.

உட்பக்கம் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிந்தால் அது பூச்சுப் பிரச்சினை இல்லை. பாலியூரித்தேன் படலம் ஈரத்தில் சிதைந்துவிட்டது; அதற்கு மருந்தில்லை. ஈரம் காயாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி பரண்மேல் போட்டதன் பலன் பெரும்பாலும் இதுதான். தையல் டேப் மட்டும் ஓரிடத்தில் கிளம்பியிருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்து, சீம் சீலர் எனும் தையல் அடைக்கும் பசை தடவி, ஒரு நாள் அழுத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஜிப் போனதற்காக ஜாக்கெட்டை மாற்றுபவர்களை என்ன சொல்வது! பை தைக்கும் கடையில் ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள்.

சொந்த ஸ்கீ வைத்திருந்தால்

பெரும்பாலோர் வாடகைக்குத்தான் எடுப்பார்கள். சொந்தமாக வைத்திருக்கும் சிலருக்கு இது. உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்ஐஎஸ் 2023–24 சீசனிலிருந்து ஃபுளோரின் மெழுகை முழுதாகத் தடை செய்தது. அந்த அக்டோபரிலேயே ஆஸ்திரியாவின் சோல்டனில் நார்வே வீராங்கனை ராக்னில்ட் மோவின்கெல் ஸ்கீ சோதனையில் ஃபுளோரின் தெரிந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். மெழுகு பூசப் பயன்படும் பழைய பிரஷ், இஸ்திரிப் பெட்டி வழியாகவும் ஃபுளோரின் ஒட்டிவரும் என்பதால், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்கீயை முதலில் சுத்தம் செய்யுங்கள்.

மிருதுவான மெழுகை உருக்கி ஸ்கீயின் அடித்தளத்தில் தேய்த்து, சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் வழிக்க வேண்டும். வழித்தது அழுக்கில்லாமல் வரும் வரை இரண்டு மூன்று முறை. அடுத்து ஃபுளோரின் இல்லாத மெழுகை 120 முதல் 130 டிகிரியில் சொட்டவிட்டு, இஸ்திரியை நிறுத்தாமல் முனையிலிருந்து வால் வரை ஓட்டுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். மேல்பக்கம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்; அடித்தளம் வெந்துவிட்டால் பிறகு மெழுகைக் குடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டு வழித்து, நைலான் பிரஷால் தேய்க்கவும். சட்டை தேய்க்கும் ஆவி இஸ்திரி ஆகாது. ஓட்டைகளில் மெழுகு அடைத்துக்கொள்ளும், சூடும் நிலையாக நிற்காது. கீழே செய்தித்தாள் விரித்து, சீவலை மொத்தமாக அள்ளுங்கள். தொட்டியில் கழுவி விடாதீர்கள்.

பெட்டியில் எச்எஃப், எல்எஃப், செரா எஃப் என்று போட்ட பழைய மெழுகு இருந்தால் ஃபுளோரின்தான். உருக்காமல், மூடி சீல் வைத்து, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுக்கவும். சிப்காட் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பாதுகாப்புப் பிரிவைக் கேட்டுப் பார்க்கலாம். ஆலைகளின் அபாயக் கழிவு தனி வழியில்தான் போகிறது.

கோடைக்கு எடுத்து வைக்கும்போது கெட்டியாக மெழுகு பூசி, வழிக்காமல் விடுங்கள். இரும்பு விளிம்பும் அதிலேயே மூடிக்கொள்ளும், துரு ஏறாது. தகரக் கூரைக்கோ மொட்டை மாடித் தளத்துக்கோ அடியில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் கட்டிலுக்கு அடியே போதும்.

போய் வருவது

இவ்வளவு செய்துவிட்டு விமானத்தில் பறந்தால் கணக்கு உதைக்கும். பனிப் பயணத்தின் கரிமச் சுமையில் பெரும்பங்கு போக்குவரத்துதான். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையமே கிடையாது. ஓசூர் பக்கத்தவர்கள் பெங்களூரு போய் கர்நாடகா எக்ஸ்பிரஸ், தருமபுரிக்காரர்கள் சேலம் போய் கேரளா எக்ஸ்பிரஸ். இரண்டும் இரண்டு இரவில் டெல்லி. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுவதால் காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்குக்கு சுமார் 50 கி.மீ. முன்பு வரை தண்டவாளத்திலேயே போய்விடலாம். ஏழு நாள் பயிற்சிக்கு இரண்டு முறை போவதைவிட 14 நாள் பயிற்சிக்கு ஒரே முறை போங்கள். தேதியை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள்: 2025 பிப்ரவரியில் பனி போதாமல் குல்மார்க் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஸ்கீயும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஜாக்கெட், கையுறை, கண்ணாடி மட்டும் இங்கிருந்து. தொப்பிக்கு உள்ளே போட மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த தலை அதில் படட்டும். தினம் அலசிக் காயவைத்துக்கொள்ளலாம்.