யூரோவிஷன் இரவு: எட்டுப் பேரை வீட்டில் உட்காரவைத்துப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனிக்கு வந்த புதிதில் "சனிக்கிழமை யூரோவிஷன், வர்றியா?" என்று கூப்பிட்டார்கள். சூப்பர் சிங்கர் மாதிரி ஏதோ என்று போனேன். 2022இலிருந்து எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு என்று ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டி இது, மற்ற விவரத்தை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடத்துவது மட்டும் இங்கே.

1. நேரம்
மே மாதம், சனிக்கிழமை இரவு 9 மணிக்கு இறுதிப்போட்டி. முடிய ஒரு மணி ஆகிவிடும். செவ்வாய், வியாழன் அரையிறுதிகளை விட்டுவிடலாம். இங்கே பத்து மணிக்கு மேல் 'ரூஹெசைட்', சத்தம் கூடாது. முந்தின நாளே வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். கீழ்வீட்டுப் பாட்டிக்குத் தட்டில் சமோசாவும் கொடுத்தேன். மறுநாள் காலை படியில் நிறுத்தி "யார் ஜெயித்தது?" என்றார்.

2. டிவி
இங்கத்திய பொதுத் தொலைக்காட்சியான டாஸ் எர்ஸ்டேயில் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் அழுதுகொண்டுதானே இருக்கிறோம், ஒரு நாளாவது வசூல் பண்ணுவோம். ஸ்ட்ரீமிங் வேண்டாம், ஆன்டெனாவோ கேபிளோதான் என் கட்சி. ஸ்ட்ரீமிங் பின்தங்கி வரும். நம் திரையில் தொகுப்பாளர் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டில் கைதட்டிவிடுவார்கள். ஸ்ட்ரீமிங்தான் வழி என்றால் மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள், கம்பியில்லாமல் அனுப்பும் வேலை வேண்டாம். வாட்ஸப்பையும் மூடிவையுங்கள்.

3. மதிப்பெண் தாள்
நான் சறுக்கியது இங்கேதான். முதல் வருடம் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடச் சொன்னேன். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஆறு, ஏழு. இருபதாவது பாட்டு வரும்போது மூன்றாவது பாட்டு ஒருத்தருக்கும் நினைவில்லை. கூட்டிப் பார்த்தால் நாலு நாடு சமம். அதன்பின் அரை மணி நேரம் பஞ்சாயத்து.

போட்டியின் முறையையே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பத்தே பத்து மதிப்பெண்தான்: 1 முதல் 8 வரை, பிறகு 10, 12. பத்து பாட்டுக்கு மட்டும். மற்றதெல்லாம் முட்டை. பாட்டு ஓடும்போது எண்ணே போடக்கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் குறிக்க வேண்டும். 2023இல் எங்கள் ஃபின்லாந்து தோழியின் தாளில் இருந்தது: "பச்சைச் சட்டை, மரப்பெட்டியிலிருந்து வருகிறான், நம்ம ஆள்!!" ஸ்வீடனுக்கு நேரே: "நீள நகம், படுத்துக்கொண்டு பாடுகிறாள்." கடைசிப் பாட்டும் முடிந்ததும் எல்லாப் பாட்டையும் துண்டு துண்டாக மறுபடி காட்டுவார்கள். அப்போது குறிப்பைப் பார்த்து எண் போட்டால் போதும். சமம் வந்தால் அதிகம் 12 வாங்கிய நாடு ஜெயம்.

ஆளுக்கு ஒரு பேனா முக்கியம். எட்டுப் பேருக்கு இரண்டு பேனா வைத்துவிட்டு நான் பட்ட பாடு!

4. நிஜ ஓட்டு
போனில் ஓட்டுப் போடலாம், எந்த நாட்டிலிருந்து போடுகிறோமோ அந்த நாட்டுக்கு மட்டும் போட முடியாது. இங்கே வாங்கிய சிம்மிலிருந்து போட்டால் அது ஜெர்மனியின் ஓட்டு. அதனால் இங்கே இருக்கும் ஃபின்லாந்துக்காரி ஃபின்லாந்துக்கே போடலாம், போட்டாள். ஜெர்மானியர்களால் ஜெர்மனிக்குப் போட முடியவில்லை. 2023இல் ஜெர்மனி 18 புள்ளியோடு கடைசி. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

5. புள்ளி அறிவிப்பு
"பாட்டெல்லாம் முடிந்ததே" என்று யாராவது செருப்பை மாட்டுவார்கள். விடாதீர்கள். முதலில் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் புள்ளி சொல்லும். பிறகு மக்கள் ஓட்டு, நடுவர் பட்டியலில் கடைசியில் இருக்கும் நாட்டிலிருந்து மேலே ஏறி வரும். 2023இல் மக்கள் ஓட்டில் ஃபின்லாந்தின் கேரிய்யாவுக்கு 376, ஸ்வீடனின் லோரீனுக்கு 243. வீடே எழுந்து ஆடியது. ஆனால் நடுவர்கள் லோரீனுக்கு 340, கேரிய்யாவுக்கு 150தான் கொடுத்திருந்தார்கள். கூட்டினால் ஸ்வீடன் 583, ஃபின்லாந்து 526. தோழி தட்டில் மிச்சமிருந்த சுண்டலை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

சுண்டல் என்றதும் ஞாபகம்: ஒரு கையால் எடுத்துத் தின்னக்கூடியது மட்டும் போதும். குழம்பு வைத்தால் மதிப்பெண் தாளில் சிந்தும்.

பின்சேர்க்கை: சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். உங்களுக்கு ஞாயிறு விடியற்காலை 3 மணி, சென்னைக்கு நள்ளிரவு 12.30. போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் 2023இலிருந்து இணையத்தில் ஓட்டுப் போடலாம். அத்தனை பேர் ஓட்டையும் சேர்த்து ஒரே நாடாகக் கணக்கு வைப்பார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் சுண்டலுக்குப் பதில் இட்லி மாவு எடுத்து வையுங்கள், முடியும்போது பசியாற நேரம் ஆகிவிடும்.