ஆடு வளர்க்கும் பெண்களைக் கால்நடை ஆலோசகர்களாகப் பயிற்றுவிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், லயத்து வீட்டுக்குப் பின்னால் பரண் போட்டுப் பத்துப் பதினைந்து ஆடுகள் வளர்க்கும் பெண்களை இன்றும் பார்க்கலாம். இந்தியாவின் பல மாநிலங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து ‘பசு சகி’ என்னும் கால்நடைத் தோழிகளை உருவாக்குகிறார்கள். அதையே நம் தோட்டத்தில் தொடங்க விரும்புவோருக்கு இந்தச் செய்முறை.

முதல் படி, ஆள் தேர்வு. சான்றிதழைப் பார்க்காமல் கொட்டகையைப் பாருங்கள். ஈனும்போது குட்டி சிக்கிக்கொண்டால் நடு இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களோ, அந்த அக்காதான் உங்களுக்கு வேண்டியவர். ஆறு பேர் போதும். பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொதுமண்டபத்தில் படம் காட்டி நடத்திய என் முதல் வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதன் பிறகு எல்லா வகுப்பும் கொட்டகையில்தான்.

இரண்டாம் படியாகக் கண் இமையைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம். ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழு, நம் ஊர் மழைக்கும் வெப்பத்துக்கும் ஆண்டு முழுவதும் பெருகும். இரத்தம் குறைந்தால் கீழிமையின் உட்புறம் வெளுக்கும். தென்னாப்பிரிக்காவில் உருவான வண்ண அட்டையில் 1 என்பது நல்ல சிவப்பு, 5 என்பது வெள்ளை. ஆட்டை வெயிலுக்குக் கொண்டுவந்து, மேலிமையை மூடி விரலால் மெதுவாக அழுத்தியபடி, மறு கையின் கட்டைவிரலால் கீழிமையை இறக்கி, உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும். இமையைத் திறந்தபடியே வைத்திருந்தால் அது சிவந்து, நோயாளி ஆடும் நலமாக இருப்பதுபோலத் தெரியும். இரு கண்ணும் வேறுபட்டால் வெளுத்ததையே கணக்கில் கொள்ளுங்கள். 4, 5 வந்த ஆடுகளுக்குப் புழு மருந்து கட்டாயம். குட்டிக்கும் சினையாட்டுக்கும் 3 வந்தாலே கொடுக்கலாம். மந்தை முழுவதற்கும் ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழுதான் மிஞ்சும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாக ஊற்றினாலும் அதே கதிதான். ஆகவே குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தம் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெப்பமானி. ஆட்டுக்கு ஏறத்தாழ 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இயல்பு. ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியில் நூல் கட்டி வால் முடியோடு கவ்வி மாட்டச் சொல்லுங்கள், இல்லையேல் அது உள்ளே போய்விடும்.

செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைக்கு நடுவே மேய்ப்பவர்கள் எந்த நிரையில் களைக்கொல்லி தெளித்தார்கள் என்று அறிந்திருக்க வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தாலும் மற்ற மருந்துகளின் தெளிப்பு நிற்கவில்லை. மருந்தடிக்கும் வேலை பார்த்த பெண் ஒருவர் குழுவில் இருந்தால் இந்தப் பாடத்தை அவரே நடத்தட்டும், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அடுத்து, எதைச் செய்யக் கூடாது என்பது. வாயில் கொப்புளமும் கால் நொண்டலும் சேர்ந்து தெரிந்தாலோ, மாட்டுக்குக் கடும் காய்ச்சலோடு தொண்டை வீங்கினாலோ, அந்த விலங்கைத் தனியே கட்டி, எதையும் வெளியே விற்காமல், மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு அன்றே சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் ஊசி மருத்துவரின் வேலை.

கடைசியாகக் கூலி. “நம்ம அக்காதானே” என்று ஊரார் இலவசமாகவே கூப்பிடுவார்கள். ஆகவே ஓர் ஆட்டுக்கு எத்தனை ரிங்கிட் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி, ஆட்டின் அடையாளம், தேதி, இமை எண், மருந்தளவு ஆகியவற்றை எழுதும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பதிந்துவிடுங்கள்.